கம்பியைத் தின்ற கத்தி

ஜனவரி 9

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சரி, எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

நான் வேலையை விடவில்லை. அம்மா உன்னிடம் அழுதுகொண்டே சொன்னது பாதிதான் உண்மை. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன். ஜூன் கடைசி வரை என் இடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஆய்வகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் கத்தி செய்து பிழைக்க முடியும் என்று தெரிந்துவிட்டால் திரும்பிப் போக மாட்டேன். தெரியாவிட்டால் ஜூலையில் மறுபடி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, யாரோ செய்த போல்ட்டை உடைத்து, 'உடைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

'இத்தனை நாள் பொழுதுபோக்காகத்தானே செய்தாய், அப்படியே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தால் என்ன?' என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை செய்தால் ஞாயிற்றுக்கிழமைக் கத்திதான் வரும். போன வருடக் கண்காட்சியில் கொண்டுபோனவை எல்லாம் அன்றே விற்றன. வாங்கியவர்கள் எல்லாரும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறவர்கள். எனக்கு அது போதவில்லை. வெட்டுகிறவர்கள் வேண்டும்.

கார் பட்டறை ஒன்றின் பின்னால் கொட்டகை பிடித்திருக்கிறேன். மெக்கானிக் பழைய லாரி வில்பட்டைகளைத் தருகிறார், நல்ல எஃகு. இதோடு ஒரு கத்தி அனுப்பியிருக்கிறேன். ஆய்வக இயந்திரத்தில் அதன் கடினம் அறுபத்துநான்கு. கடைக் கத்திகள் ஐம்பத்தாறைத் தாண்டினால் பெரிய விஷயம். எண் ஏற ஏறக் கூர் மழுங்குவது குறையும். உன் ஹோட்டலில் வெட்டுமேசை முழுக்க ஆட்கள், நீ அவர்களுக்குத் தலைவி. ஒரு வார்த்தை சொன்னால் மேசை முழுக்க என் கத்தி இருக்கும். சொல்.

தம்பி

ஜனவரி 17

பொறியாளர் ஐயாவுக்கு,

ஒரு வார்த்தை சொல்லவா? சொல்கிறேன். மாட்டேன்.

முதலில் என் ஓவனைப் பற்றிப் பேசுவோம். அம்மா வீட்டில் நான் போர்த்தி வைத்துவிட்டு வந்த ஓவனைத் தூக்கிக்கொண்டுபோய் இரும்பு வேக வைக்கிறாயாமே. நான் கேக் செய்யக் கற்றுக்கொண்ட ஓவன் அது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நினைக்காதே, கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

அடுத்தது போன். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவதற்குப் பதில் சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதனால் இனி இப்படித்தான்.

அந்த ஆய்வக வேலைக்கு உன் அத்தான் எத்தனை பேரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் தெரியுமா? மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருகிற வேலை. நான் பொழுது விடிந்ததிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறேன். நம் வீட்டில் ஒருவராவது உட்காரட்டும் என்று பார்த்தால், நீ என்னைவிடப் பெரிய அடுப்பாகத் தேடிப் போயிருக்கிறாய்.

கத்தி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. எங்கள் கொள்முதல் அதிகாரி இந்த வருடம் மேசைக்குப் புதுக் கத்திகள் வாங்கப் போகிறார். இரண்டு கம்பெனிகளின் மாதிரிகள் வந்திருக்கின்றன. உன்னுடையதை மூன்றாவதாகப் போடுகிறேன். யார் செய்தது என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். 'தம்பி கத்தி என்பதால் தள்ளிவிட்டாள்' என்று நாளைக்கு எவனும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசக்கூடாது. மே மாதம் முடிவு. அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

என்ன ஆயிற்று? நல்லது கெட்டது எதுவுமே எழுதவில்லை. இதோடு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். வெட்டுகிறவர்கள் மாலையில் நிரப்பினால் போதும். எந்தக் காய், எவ்வளவு நேரம், கூர் எப்போது குறைந்தது, கைப்பிடி வழுக்கியதா. இது இல்லாமல் நான் இருட்டில் துழாவுகிறேன்.

ஓவனுக்கு மன்னிப்பு. அது இருநூறு டிகிரியில் ஒரு டிகிரிகூட நகராமல் நிற்கிறது. உன்னைவிட நிதானம்.

தம்பி

பிப்ரவரி 14

டேய்,

யார் கத்தி என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றேன். நீ உன் ஊர், பேர், ஆய்வக முத்திரை எல்லாம் அடித்த கேள்வித்தாளை அனுப்புகிறாய். அடுப்பில் போட்டுவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், கேள். முதல் இரண்டு வாரம் உன் கத்திக்கு மேசையில் அடிதடி. தக்காளி மேல் வைத்தால் போதும், அதுவே இறங்கியது. எங்கள் இறைச்சி வெட்டுகிறவனை எல்லாரும் சுறா என்று கூப்பிடுவோம். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவன். அவனே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனிடம் பெரிய பாராட்டு.

மூன்றாவது வாரம் கூர் குறைந்தது. எல்லாக் கத்தியும் குறையும், அதற்கென்ன. சுறா வழக்கம்போல் மேசையில் கிடக்கும் தீட்டுக் கம்பியில் தீட்டினான். ஏறவில்லை. இன்னும் தீட்டினான். அப்போதும் ஏறவில்லை. கம்பியைத் தூக்கிப் பார்த்தால் அதில் பள்ளம் விழுந்திருக்கிறது. உன் கத்தி எங்கள் தீட்டுக் கம்பியைத் தின்றுவிட்டது. இரண்டையும் பார்சலில் போட்டிருக்கிறேன். கம்பி ஹோட்டல் சொத்து, நினைவிருக்கட்டும்.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

பார்சலைப் பிரித்ததும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கம்பியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், "தம்பி, இது கத்தியா, கடைசல் மெஷினா?" என்றார்.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அளந்தேன். உங்கள் கம்பி ஐம்பத்தொன்பது, என் கத்தி அறுபத்துநான்கு. ஆகவே குற்றம் கம்பியுடையது. ஒன்று இன்னொன்றைத் தீட்ட வேண்டுமானால் தீட்டுவது கடினமாக இருக்க வேண்டும், இது பள்ளிப் பாடம். கத்தியில் குறையே இல்லை. நீங்கள் வைரத் தூள் பதித்த தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று படம் வரைந்து, தீட்டிய கத்தியோடும் உங்கள் கம்பியோடும் திருப்பி அனுப்புகிறேன். கொஞ்சம் பொறுமையாகத் தீட்டினால் மறுபடி மூன்று வாரம் ஓடும். கம்பியை மாற்று, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரே சந்தோஷம். கம்பியைச் சீவிய கத்தி. அந்தப் பள்ளத்தைப் பெரிதாக்கிப் படம் எடுத்து கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

தம்பி

மார்ச் 1

தம்பி,

நீ சுவரில் ஒட்டியிருப்பது உன் தோல்வியின் படம்.

உன் கடிதத்தின் தீட்டும் பகுதியை மட்டும் சுறாவிடம் படித்துக் காட்டினேன், கம்பெனிக்காரர்கள் எழுதியது போல. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, இந்தக் கத்தி புது மாப்பிள்ளை மாதிரி. வந்த ரெண்டு வாரம் வீடே கொண்டாடும். அப்புறம் ஒரு வேலை சொல்லிப் பாருங்க, அதுக்குத் தனியா தட்டு வை, படம் வரை, பொறுமையா கேளுன்னு ஆரம்பிச்சுடும்."

மேசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோபமும் வந்தது, அவன் மேல் இல்லை.

ஒன்று செய். கிளம்பி வா. என் தம்பி ஊர் பார்க்க வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன். வெங்காயம் உரிக்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்க நில். வாயைத் திறக்காதே. அது உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

வாயைத் திறந்ததற்கு மன்னித்துக்கொள். மதியம் வரை பொறுத்தேனே, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாயா? சுறா என் முகத்துக்கு நேராகக் கத்தியை நீட்டி, "இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது வெங்காயம் வெட்டியிருப்பானா?" என்றால் நான் என்ன செய்ய? கையில் உரித்த வெங்காயத்தோடு "வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். நீ நெற்றியில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ரயிலில் வரும்போது உங்கள் மேல்தான் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அது என் பக்கம் திரும்பியது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் கம்பியைப் பார்ப்பதே இல்லை. ஒரு கூடை காய் முடிந்து அடுத்த கூடை வருவதற்குள் கை தானாகப் போய் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வருகிறது. பக்கத்து ஆளோடு பேச்சுகூட நிற்பதில்லை. கண் இமைப்பது மாதிரி. உங்களுக்குக் கூர் என்பது கத்தி வரும்போதே கொண்டுவருகிற சீர் இல்லை. நாள் முழுக்க நீங்களே போட்டுக்கொள்வது. நானோ மூன்று வாரம் தொடாமல் வைத்திருக்கிற கத்தியைச் செய்துவிட்டு, நாலாவது வாரம் அதை யார் தொடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்காரர்களுக்கு நாலாவது வாரமே வராது. அதனால் இத்தனை வருடம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஆகவே கத்தி கம்பியைவிட மென்மையாக இருக்க வேண்டும். ஐம்பத்தேழு. படித்தது முழுக்க எஃகை எப்படிக் கடினமாக்குவது என்றுதான். இப்போது தெரிந்தே இறக்குகிறேன். எண்ணெயில் தோய்த்து எடுத்த கத்தியை முன்பு மேலே வைக்கோல் நிறம் வந்ததும் ஓவனிலிருந்து எடுப்பேன். இனி கடினம் இறங்க இன்னும் சூடேற்றிச் செம்பு நிறம் தாண்டும் வரை உள்ளே விட வேண்டும். முதல் தடவை விட்டபோது கதவைத் திறந்துவிடாமல் இருக்க என் கையை நானே பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் கேட்டார், "என்ன தம்பி, உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

கைப்பிடியையும் மாற்றுகிறேன். நான் பளபளவென்று தேய்த்து வைத்தது உங்கள் ஈரக் கையில் மீன் மாதிரி நழுவியது. இனிப் பளபளப்பு கிடையாது.

கோழி எலும்பை உடைக்கிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவை. கத்தியைப் பக்கவாட்டில் முறுக்க வேண்டாம். கேட்க மாட்டார்கள் என்று தெரியும். அதற்கும் சேர்த்து முதுகைக் கொஞ்சம் தடிப்பாக விட்டிருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 28

தம்பி,

என் சமையற்கட்டில் திருட்டு நடக்கிறது. காரணம் நீ.

புதுக் கத்தி வந்த அன்று சுறா, "குறை கண்டுபிடிக்கிறதுக்காகத்தான் எடுக்கிறேன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு எடுத்தான். நாலு இழுப்பு, கூர் ஏறியது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு நாலு இழுப்பு. கட்டைவிரலில் தொட்டுப் பார்த்தான். பிறகு அன்று முழுக்க அதைக் கீழே வைக்கவே இல்லை.

மாலையில் கத்திகளை மாட்டும்போது உன்னுடையதைக் காணவில்லை. காலையில் வந்தால் இருக்கிறது. மறுநாள் மாலை மறுபடி இல்லை. பாத்திரம் கழுவுகிற பெண் மேல் சந்தேகப்பட்டேன், அவளிடம் இன்றைக்குவரை முகம் கொடுக்க முடியவில்லை. கடைசியில் ஒளிந்திருந்து பார்த்தேன். சுறா அதைத் துணியில் சுற்றித் தன் பெட்டியில், ரப்பர் பூட்ஸுக்குள் சொருகிவிட்டுப் போகிறான்.

"ஏண்டா, உனக்கு வயசு என்ன?" என்றேன்.

"இல்லக்கா. மேசையில விட்டா காலையில ரொட்டிக்காரன் வந்து அதால டப்பா மூடியத் திறக்கிறான். மனசு கேக்கல."

ரொட்டி அடுப்பில் நிற்கிற அந்த ரொட்டிக்காரனைக் கேட்டால், "சுறா மட்டும் எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாதா, மேசை பொதுதானே" என்கிறான். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. என் மேசையில் இத்தனை வருடத்தில் கத்திக்காகச் சண்டை வந்ததில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை.

ஓவன் நிறம் மாறிவிட்டது என்று அம்மா சொன்னாள். அந்த விஷயத்தை நான் விடவில்லை.

அக்கா

மே 10

அக்கா,

ஆய்வகத் தலைவர் எழுதியிருக்கிறார். நான் திரும்பி வருகிறேனா இல்லையா என்பதை இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டுமாம். வேறொருவர் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார். ஜூன் வரை என்றவர் மே என்கிறார், ஆனால் அவர் மேலும் தப்பில்லை.

உங்கள் ஹோட்டல் வாங்கினால் இல்லை என்று எழுதிவிடுவேன். வாங்காவிட்டால் வருகிறேன் என்று எழுதுவேன். வீரம் பேசிக்கொண்டு அம்மாவை வாடகை கட்ட வைக்கிற ஆள் நான் இல்லை. உங்கள் அதிகாரியிடம் கேட்டுச் சொல். 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதே.

தம்பி

மே 19

தம்பி,

பார்க்கலாம் என்று எழுதப் போவதில்லை. வாங்கவில்லை.

அதிகாரி கம்பெனிக் கத்திக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் கத்திதான் நல்லது என்று அவருக்கும் தெரியும், சுறா போய் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தான். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க தம்பிக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தா, எனக்குக் கத்தி யார் தருவாங்க?" உனக்காகப் பேச மாட்டேன் என்று ஜனவரியில் எழுதினேன். பேசினேன். பலிக்கவில்லை.

இந்தச் செய்தியை மட்டும் எழுதி உறையை ஒட்டப் போனேன். அதற்குள் சுறா வந்து, "தம்பிக்கு எழுதுறீங்களா? இதையும் வைங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தான். அவன் கையை விரித்து வைத்து, சுற்றிக் கோடு போட்டிருந்தான். கீழே, 'என் கைக்குச் சரியாக ஒன்று, என் காசில், ரொட்டிக்காரனுக்குச் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருந்தான். மாலைக்குள் ரொட்டிக்காரன் ஒரு தாளோடு வந்தான். 'சுறாவுடையதைவிட அரை விரல் நீளமாக.' பிறகு ஆளாளுக்கு. என் சமையற்கட்டில் ஒரு நாள் முழுக்க வேலை நடக்கவில்லை, பெரிய பெரிய ஆட்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையை விரித்து வரைந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேர்.

எட்டுக் கத்தி ஒரு தொழில் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் சமையல்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நாங்கள் ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. இங்கே இரண்டு வருடம், அங்கே மூன்று வருடம். ஹோட்டல் கத்தி ஹோட்டலோடு நின்றுவிடும். சொந்தக் கத்தி ஆளோடு போகும், புது மேசையில் போய் உட்காரும், பக்கத்தில் நிற்பவன் கண்ணில் படும். சுறாவின் மச்சான் துறைமுகம் பக்கத்து ஹோட்டலில் இருக்கிறான். அவனுக்கு இதற்குள் விஷயம் போயாகிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உட்கார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

தாள்களை எண்ணிப் பார்க்காமல் உறைக்குள் திணித்திருக்கிறேன்.

அக்கா

மே 27

அக்கா,

நான் எண்ணினேன். ஒன்பது இருக்கிறது.

ஒன்பதாவதற்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. மற்ற எட்டுப் பேர் கையும் தாளில் தட்டையாகப் படிந்திருக்கிறது, கோடு விரலை ஒட்டியே போகிறது. இதில் ஆள்காட்டி விரலிடம் வந்ததும் கோடு விரலுக்கு அடியில் புகுந்து ஓடியிருக்கிறது. அந்த விரல் தாளைத் தொடவில்லை. நிமிர்த்த முடியாத விரல். கட்டைவிரலின் அடி வீங்கியிருக்கிறது. நான் வந்த அன்று மாலை ஒரு பாத்திரம் வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு நின்றாய். ஏதோ ஊற வைக்கிறாய் என்று நினைத்தேன். ஊறியது உன் கை.

என்னை ஏன் உட்கார வைக்கப் பார்த்தாய் என்பது இப்போது தெரிகிறது. ஓவனுக்காகவும் அத்தானுக்காகவும் கோபம் என்று நினைத்து, ஐந்து மாதமாக அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டரிடம் போ. அத்தானுக்கும் தனியாக எழுதிவிட்டேன், வேண்டுமானால் என்னைத் திட்டு.

உன் கத்தியை வேறு மாதிரி செய்கிறேன். அலகை மெல்லியதாக இழுத்து, எடையைக் கைப்பிடிப் பக்கம் தள்ளி, ஆள்காட்டி விரல் மடங்கியபடியே உட்கார ஒரு குழிவு வைக்கிறேன். நீ அழுத்த வேண்டியதில்லை, வழி காட்டினால் போதும். களிமண்ணில் பிடி செய்து, உன் தாளின் மேல் வைத்து வைத்துப் பார்த்தேன். இதற்குமுன் நான் எந்தக் கத்தியையும் ஒரு கையிலிருந்து ஆரம்பித்ததில்லை, எண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பேன். இப்படிச் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் காய்ச்சல் கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஹோட்டலுக்குத்தான் அடுத்த நாளே கத்தி வேண்டும். தன் கைக்கென்று கேட்கிறவன் ஒரு வாரம் காத்திருப்பான். சுறாவிடம் கேட்டுப் பார், ஒரு மாதம்கூட இருப்பான், திட்டிக்கொண்டே.

ஆய்வகத்துக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். வரவில்லை என்று. தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். வாய் குறுகலாக இருந்தது.

பயமாக இருக்கிறது, அக்கா. அம்மாவிடம் ஒரே தைரியமாகப் பேசிவிட்டேன், மெக்கானிக்கிடம் அதைவிட. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இன்னும் எழுதலாம். ஆனால் உன் கத்திக்கான பட்டையை உலையில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சிவந்துவிட்டது. அடிக்கப் போகிறேன்.

தம்பி